மலையேறி நின்ற பழைய கார் சூட்டில் எடுக்கவில்லை: பெட்ரோலா, கரன்டா, செல்ஃபா?

மேட்டுப்பாளையத்தில் காலையில் ஒரே சாவியில் பிடித்த வண்டி. கல்லாறு தாண்டி, முதல் கியரும் இரண்டாம் கியருமாக வளைவு வளைவாக ஏறி, பர்லியாறில் டீக்கு நிறுத்தியாயிற்று. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எடுக்காது. பானெட்டைத் திறந்து வைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்துக்கொள்ளும். குன்னூரில் மெக்கானிக் முன்னால் போய் நிற்கும்போது அதில் ஒரு குறையும் தெரியாது. அவரும் பாவம், என்ன செய்வார்? பிளக் மாற்றுவார், காயில் மாற்றுவார், பம்பைக் கழற்றி மாட்டுவார். அடுத்த வாரம் அதே பர்லியாறில் வண்டி மறுபடியும் நிற்கும்.

ஆறினால் மறைந்துவிடுவதுதான் இந்தக் கோளாறின் குணம். ஆகவே எதில் பணம் போடுவது என்ற முடிவை, வண்டி எடுக்காமல் கிடக்கும் அந்த அரை மணி நேரத்துக்குள்ளேயே எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் என்னென்ன பார்ப்பது, பார்த்தது எந்தப் பக்கம் கை காட்டுகிறது, அந்தப் பக்கத்தில் உள்ள வைத்தியங்களில் எது செலவுக்கு ஏற்ற பலன் தரும் என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறோம். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த மாருதி 800, ஆம்னி, பிரீமியர் பத்மினி, பெட்ரோல் அம்பாசடர் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்குத் தனியாகப் பின்னால் வருகிறது.

கையை உள்ளே விடும் முன் சில விஷயங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் அழுத்தம்தான் ரேடியேட்டர் தண்ணீரைக் கொதிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. திறந்த நொடியில் அது முகத்தில் அடிக்கும். இறக்கத்தில் உருட்டிக் கியர் போட்டு எடுக்கும் பழக்கத்தை மலைப் பாதையில் விட்டுவிடுங்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும். அடுத்த வளைவு எவ்வளவு தூரத்தில் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் காது கொடுங்கள்

சாவியைத் திருப்பும்போது செல்ஃப் (இன்ஜினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார்) எப்படிச் சுற்றுகிறது? காலையில் சுற்றிய அதே வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபையும் பேட்டரியையும் மறந்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். 'டக்' என்ற ஒற்றைச் சத்தம், அல்லது சத்தமே இல்லாமை, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுவது என்றால் குறை இங்கேதான். பெட்ரோல் பக்கம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

செல்ஃப் மோட்டாருக்குள் இருப்பது செம்புக் கம்பி. செம்பு சூடேறச் சூடேற அதன் தடை கூடும். 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். புகைக்குழாய்க்கு அருகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டுக்கும் (செல்ஃபுக்குக் கரன்டைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்) இதே கதிதான். புது வண்டியில் இந்த இழப்பைத் தாங்கும் அளவு வோல்ட் வந்து சேரும். இருபது இருபத்தைந்து வருடத்து வண்டியில் சாவி சுவிட்சின் உள்ளே கருகிய காண்டாக்ட், துருவேறிய கனெக்டர், உப்புப் பூத்த எர்த் என்று ஒவ்வொரு இடமும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிட, கடைசியில் சொலினாய்டுக்குப் போதுமானது வந்து சேராது. குளிர்ந்திருக்கும்போது அந்தக் குறைந்த வோல்ட்டிலேயே இழுத்துவிடும், சூட்டில் இழுக்காது.

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க, பேட்டரியின் இரு முனையிலும் அளந்து பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது. 11 வோல்ட்டுக்கு மேல் நின்றும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் கரன்ட் போய்ச் சேரவில்லை. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு அளந்தால், செல்ஃப் சுற்றும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பிளஸ் முனையிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 'டக்' சத்தம்கூட வரவில்லை என்றால், கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை சொலினாய்டின் சிறிய முனையில் தொட்டுப் பாருங்கள். உடனே துள்ளிச் சுற்றினால் செல்ஃப் நல்லது. சாவியிலிருந்து வரும் பாதைதான் நோஞ்சான்.

இங்கே மூன்று வழிகள் உண்டு. டெர்மினல்களையும் எர்த்தையும் எமரி தாளில் தேய்த்து இறுக்குவதற்குக் காசு கிடையாது, எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது. இரண்டாவது, சாவிக்கும் சொலினாய்டுக்கும் நடுவே ஒரு ரிலே (சிறு கரன்டால் பெரிய கரன்டைத் திறக்கும் சுவிட்ச்) வைப்பது. 40 ஆம்பியர் ரிலே, பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 4 சதுர மி.மீ. வயர்; ரிலேயின் 30-இல் பேட்டரி, 87-இல் சொலினாய்டு, 85, 86-இல் பழைய சாவி வயரும் எர்த்தும். சில நூறு ரூபாய்க்குள் முடியும். சொலினாய்டைத் தொட்டு எடுக்கும் சோதனையில் துள்ளிய வண்டிகளுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. மூன்றாவது, செல்ஃபை இறக்கி கார்பன், புஷ், பெண்டிக்ஸ் மாற்றுவது. புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் சூட்டில் பக்கத்தில் உரசும். இழுத்து இழுத்துச் சுற்றுவதோடு பேட்டரி வோல்ட்டும் சரிந்தால் ரிலேயால் பயனில்லை, இறக்கத்தான் வேண்டும். புது செல்ஃப் வாங்குவது ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டும். இறக்கும் முன் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: டைமிங் (பொறி அடிக்கும் நேரம்) அளவுக்கு மேல் அட்வான்ஸ் ஆகி முந்தியிருந்தாலும் சூடான இன்ஜின் செல்ஃபை எதிர்த்து உதைக்கும். ஏற்றத்தில் 'கணகண' என்று தட்டும் வண்டியில் இதுதான் முதல் சந்தேகம்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இப்போது கேள்வி ஒன்றுதான்: கரன்ட் இல்லையா, பெட்ரோல் இல்லையா? முதலில் கரன்டைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காயிலும் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்குவது) மாட்யூலும் (காயிலின் கரன்டை வெட்டிவிடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) பெட்ரோலைவிட வேகமாக ஆறிவிடும். பத்து நிமிடம் தாமதித்தால் சாட்சி கலைந்துவிடும்.

ஆனால் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால், காற்றோட்டம் விட்டு வாடை அடங்கும் வரை பொறி பறக்கும் எந்தச் சோதனையும் வேண்டாம். மற்றபடி ஒரு நல்ல பழைய பிளக்கை ஹெச்.டி. வயரில் (பிளக்குக்குப் போகும் தடித்த வயர்) செருகி, அதன் உடம்பை இன்ஜினின் சுத்தமான இரும்பில் கிளிப் போட்டுப் பிடிக்க வைத்து, கார்புரேட்டருக்குத் தள்ளி வைத்துச் சுற்றுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். நீலமாக, 'சடக் சடக்' என்று காதில் விழும்படி அடித்தால் கரன்ட் பக்கம் பெரும்பாலும் சுத்தம். மஞ்சளாக, மெலிந்து, விட்டு விட்டு வந்தால் அது சூடான இன்ஜினுக்குப் போதாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் வயரை எர்த் இல்லாமல் தொங்கவிட்டுச் சுற்றினால் இக்னைட்டரே (மாட்யூல்) போய்விடும், கவனம்.

பொறியே இல்லை என்றால் ஒரு சாதாரண டெஸ்ட் பல்பு போதும். பல்பின் ஒரு முனையை எர்த்திலும் மறு முனையைக் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்டைப் பிரித்து அனுப்புவது) போகும் முனையிலும் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். பல்பு விட்டு விட்டு எரிந்தால் பாயின்ட் (பழைய வண்டியில் மாட்யூலின் வேலையைச் செய்யும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சுவிட்ச்) திறந்து மூடுகிறது, காயிலின் உள்சுற்றுக்குக் கரன்ட் வருகிறது. குறை காயிலின் வெளிச்சுற்றிலோ, கண்டன்சரிலோ (பாயின்ட் கருகாமல் காக்கும் சிறு டப்பா), கேப், ரோட்டார், வயரிலோ. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, எலக்ட்ரானிக் வண்டி என்றால் மாட்யூல் சூட்டில் செத்துவிட்டது. எரியவே இல்லை என்றால் காயிலுக்கு வரும் கரன்ட் அறுந்திருக்கிறது, அல்லது உள்சுற்று அறுந்திருக்கிறது, அல்லது கண்டன்சர் ஷார்ட். இந்த ஒரு பல்பு, கடைக்காரரிடம் "காயில் ஒண்ணு, கண்டன்சர் ஒண்ணு, மாட்யூல் ஒண்ணு" என்று மூன்றையும் வாங்கும் செலவை மிச்சம் பண்ணும்.

கண்டன்சரா காயிலா என்று தெரியாவிட்டால் கண்டன்சரை முதலில் மாற்றுங்கள். விலை குறைவு, கைக்கு எட்டும், சூட்டில் கெடுவதும் அதிகம். பாயின்டின் ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடுமாக இருந்தால் அது கண்டன்சர் சொல்லும் புகார். காயிலை மாற்றும்போது ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் கரன்டைக் குறைக்கும் தடை) ஓட வேண்டிய, உள்சுற்று 1.5 ஓம் இருக்கும் காயிலை, ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டிவிடுகிறார்கள். அது தொட முடியாமல் கொதித்து, கொஞ்ச நாளில் இதே சூட்டுக் கோளாறைப் புதிதாக உண்டாக்கும். ரெசிஸ்டர் இல்லாத பாயின்ட் வண்டிக்கு 3 ஓம் காயில் வேண்டும். வாங்கும் முன் கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தரைப்பகுதியில் ஓடும் வண்டிக்குப் போடலாம். தினமும் மலை ஏறி இறங்கும் வண்டிக்கு எங்கள் சிபாரிசு பாயின்டுதான். தேய்ந்த பாயின்டை ஒரு ஃபீலர் கேஜும் எமரி தாளும் வைத்து ரோட்டோரத்திலேயே 0.4 மி.மீ. ஒட்டி வைத்து வீடு சேரலாம். செத்த மாட்யூலை யாராலும் எழுப்ப முடியாது. கிட் போட்டே தீருவது என்றால் பழைய பாயின்ட் பிளேட்டைக் கண்டன்சரோடு டிக்கியில் வைத்திருங்கள்.

கோளாறு சாலையில் மட்டும் வந்து வீட்டில் வர மறுத்தால், குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு, காயிலையும் மாட்யூலையும் ஒவ்வொன்றாக ஹேர் டிரையரால் சில நிமிடம் சூடாக்கிப் பாருங்கள். சூடு பட்டதும் இன்ஜின் இருமி நின்றால் ஆளைப் பிடித்தாயிற்று.

பெட்ரோல்: ஈரமா, வறண்டதா

கரன்ட் நன்றாக இருக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மலையில் நிற்கும் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதுதான் அதிகம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறான பக்கம் திரும்புகிறார்கள். எல்லாவற்றையும் 'ஏர் லாக்' என்று ஒரே பெயரில் அழைத்துவிடுவதால் வரும் வினை இது. உண்மையில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றில் பெட்ரோல் வராது. மற்றதில் பெட்ரோல் அளவுக்கு மேல் வந்து தொண்டையை அடைத்துவிடும். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைக் கெடுக்கும்.

வண்டி ஓடும்போது ரேடியேட்டர் காற்று வாங்குகிறது, தண்ணீர் சுற்றுகிறது. சாவியை அணைத்த நொடியில் எல்லாம் நின்றுவிடும். ஏற்றத்தில் முதல் கியரில் முக்கி வந்த இன்ஜின் தலை, புகைக்குழாய் இவற்றின் சூடு போக வழியில்லாமல் மேலே எழும்பி, பானெட்டுக்குள் அடுத்த பத்து இருபது நிமிடம் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் நிறுத்தி ஒரு நிமிடத்தில் எடுத்தால் பிடிக்கும் வண்டி, பதினைந்து நிமிடத்தில் பிடிப்பதில்லை. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. இன்ஜினில் உள்ளிழுக்கும் குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கம். கார்புரேட்டர் அடுப்பின் மேல் வைத்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள் இருப்பதால் சூடு வெளியே போக இன்னும் நேரமாகும்.

பெட்ரோல் தண்ணீரைப்போல ஒரே சூட்டில் கொதிக்கும் பொருள் இல்லை. அதிலுள்ள லேசான பாகங்கள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். உயரம் கூடக் கூட இந்த அளவு கீழிறங்கும். ஊட்டி உயரமான 2,240 மீட்டரில் சுமார் 7, 8 டிகிரி குறைவாகவே கொதி வந்துவிடும். மேலே குளிர்கிறதே, அங்கே எப்படிக் கொதிக்கும் என்று தோன்றும். பானெட்டுக்குள் குளிர் இல்லை.

கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்தால், நுரைத்துப் பொங்கி ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை) வழியாக மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினின் உள்ளிழுக்கும் குழாய்) வழியும். இது ஈரக் கோளாறு. பெட்ரோல் வாடை வரும். பிளக் கருத்து நனைந்திருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தொண்டைக்குள் பார்த்தால் சுவர் பளபளவென்று ஈரமாக இருக்கும், சில நேரம் மெல்லிய புகைபோல ஆவி எழும். பம்ப்பிலோ டேங்கிலிருந்து வரும் பைப்பிலோ ஆவி சேர்ந்தால், பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியைப் பிசைந்துகொண்டிருக்கும். இது வறண்ட கோளாறு, உண்மையான ஏர் லாக். வாடை இருக்காது, பிளக் உலர்ந்திருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் ஓடாதபோது ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டர் பம்ப் வைத்த கார்புரேட்டரில் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் கிண்ணம் காலி. கண்ணாடி ஃபில்டர் வைத்த வண்டியில், சுற்றும்போது குமிழ் குமிழாக ஓடுவதும் கண்ணுக்கே தெரியும்.

அங்கேயே எடுத்துப் போக என்ன செய்வது என்பதும் இதை வைத்துத்தான். ஈரம் என்றால் ஆக்சிலேட்டரை மெதுவாக முழுதும் மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு பத்து விநாடி சுற்றுங்கள். விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் உள்ளே போகும். சோக் இழுக்கவே கூடாது. அரை நிமிடம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. வறண்டது என்றால் பம்ப்பின் மேலும் அதற்கு வரும் பைப்பின் மேலும் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். பழைய டிரைவர்களின் இந்த வைத்தியம் சரியானதே. புகைக்குழாய் மேலோ பிளாக் மேலோ தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். டேங்க் மூடியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி எடுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடி மாற்றினால் கோளாறு தீர்ந்தது.

மலைக்கு மேலே ஈரக் கோளாறும், அடிவாரத்திலிருந்து ஏறும் பாதியில் வறண்ட கோளாறும் அதிகம் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஊட்டியில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளிக் கணக்கில் பெட்ரோல் விடும். கலவை சுமார் 10 சதவீதம் கெட்டியாகிவிடும். ஏற்கெனவே கெட்டியான கலவையில் கிண்ணம் பொங்கிய பெட்ரோலும் சேர்ந்தால் பிளக் நனையாமல் என்ன செய்யும்? மே மாதச் சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊர்ந்து ஏறும்போது, கீழே வெயில், காற்றோட்டம் இல்லை, 14 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பம்ப்தான் முதலில் திணறும்.

எதை மாற்றுவது

வறண்ட கோளாறு என்று உறுதியானதும் பலர் நேராக எலக்ட்ரிக் பம்ப் போடப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, எல்லாமே அதைவிட மலிவானவை.

மாருதி 800, ஆம்னியின் கார்புரேட்டர் வண்டிகளில் ஏசி பம்ப்பிலிருந்து (இன்ஜின் சுழற்சியில் இயங்கும் பெட்ரோல் பம்ப்; ஏர் கண்டிஷனர் அல்ல) மூன்று பைப்புகள் போகும்: ஒன்று டேங்கிலிருந்து, ஒன்று கார்புரேட்டருக்கு, மூன்றாவது திரும்ப டேங்குக்கு. இந்தத் திரும்பும் பைப்தான் ஏர் லாக்கைத் தடுக்கக் கம்பெனி வைத்த ஏற்பாடு. சூடான பெட்ரோலையும் ஆவியையும் திருப்பி அனுப்பிவிட்டு, குளிர்ந்த பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருக்கும். இதை யாரோ எப்போதோ அடைத்து ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டிருப்பார்கள், அல்லது நசுங்கியிருக்கும். டேங்க் பக்கம் கழற்றி வாயால் ஊதாமல் கைப்பம்ப்பால் காற்று அடித்துப் பாருங்கள். இது திறந்ததும் ஒழுங்கான வண்டிகள் உண்டு. செலவு ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும்.

அடுத்தது ஹோஸ். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் இதைத் தாங்குவதில்லை. உள்ளே இளகி உரியும், வெளியே வெடிக்கும். டேங்கிலிருந்து பம்ப் வரையிலான பைப் உறிஞ்சும் பைப் என்பதால், வெடிப்பு இருந்தாலும் பெட்ரோல் சொட்டாது, காற்றை உறிஞ்சும். சூட்டில் ரப்பர் தளர்ந்தால் இன்னும் உறிஞ்சும். பார்க்க அச்சு அசல் ஏர் லாக் மாதிரியே இருக்கும். எவ்வளவு உறை சுற்றினாலும் தீராது. பம்ப்புக்கு முன்னும் பின்னும் உள்ள ரப்பர் ஹோஸ் அத்தனையையும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸாக மாற்றிவிடுங்கள். டேங்குக்குள் உள்ள உறிஞ்சு குழாயின் வலையும் துரு அடைத்திருந்தால் அதே லட்சணம்தான் காட்டும்.

பிறகுதான் சூட்டைத் தடுப்பது. புகைக்குழாய் மேல் இருந்த தகடு கழன்று போயிருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள். பல வண்டிகளில் ஒரு தடவை இறக்கியதோடு சரி, திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். பெட்ரோல் பைப் இன்ஜின் தலையைத் தொட்டுக்கொண்டு போனால் இரண்டு விரல் தள்ளி வைத்துக் கட்டி, கண்ணாடி நார் உறை போடுங்கள். பம்ப் பிளாக்கில் உட்காரும் இடத்தில் உள்ள தடித்த பேக்கலைட் (சூடு கடத்தாத பிளாஸ்டிக்) துண்டை எடுத்துவிட்டுக் காகித கேஸ்கெட் மட்டும் போட்டிருந்தால் சூடு நேராகப் பம்ப்புக்கு ஏறும்.

ஈரக் கோளாறுக்கு வேறு பட்டியல். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள பேக்கலைட் ஸ்பேசர் இருக்கிறதா? இருந்தால் வெடிப்பில்லாமல் இருக்கிறதா? நீடில் வால்வும் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்துவது) அது உட்காரும் சீட்டும் தேய்ந்திருந்தால் பம்ப்பில் மிஞ்சிய அழுத்தமே நிறுத்திய பிறகும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும். மிதவை அளவு ஏற்றமாக வைத்திருந்தால் கொதிக்கும்போது பொங்க இடமே இருக்காது. ஊட்டி, கோத்தகிரியிலேயே ஓடும் வண்டி என்றால் மெயின் ஜெட்டை ஒரு அளவு குறைத்துப் போடுவதில் லாபம் உண்டு. வாரம் ஒரு முறை கோயம்புத்தூர் போகும் வண்டிக்கு அதைச் செய்ய வேண்டாம்; கீழே இறங்கியதும் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும், வால்வு கருகும். அப்படிப்பட்டவர்கள் நீடில், மிதவை, ஸ்பேசர் மூன்றோடு நிற்பது நல்லது.

எலக்ட்ரிக் பம்ப் யாருக்கு? மேலே சொன்னதெல்லாம் செய்தும் வறண்ட கோளாறு விடாத ஆம்னிக்கும் அம்பாசடருக்கும். டேங்க் அருகே வைத்தால் பைப்பில் உறிஞ்சலுக்குப் பதில் தள்ளல். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆனால் இது ஈரக் கோளாறைத் தீர்க்காது, கூட்டும். நீடில் வால்வு தேய்ந்த கார்புரேட்டருக்கு எலக்ட்ரிக் பம்ப் வைப்பது எரிகிற அடுப்பில் நெய் ஊற்றுவதுதான். கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்தப் பம்ப், 0.15 முதல் 0.25 பார் வரை, அதற்கு மேல் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப்பை மாட்டினால் கிண்ணம் நிரம்பி வெளியே கொட்டும். தனி ஃபியூஸ், ரிலே, அதோடு இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக இணைப்பு. இந்தச் சுவிட்ச் இல்லாமல் சாவிக்கு நேராக வயர் கொடுத்துவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியனை விட வேண்டாம். விபத்தில் பைப் அறுந்தால், சாவி அணையும் வரை பெட்ரோலைச் சாலையில் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டி

2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. மாருதிகளிலும் சான்ட்ரோவிலும் ஏர் லாக் அரிது. இங்கே முதல் சந்தேகம் கிராங்க் அல்லது கேம் சென்சார் (இன்ஜின் சுழலும் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது). சூட்டில் உள்ளே அறுந்து, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். அது அறுந்தால் பொறியும் இல்லை, இன்ஜெக்டரும் திறக்காது. இரண்டும் ஒன்றாகக் காணாமல் போவதே அடையாளம். சென்சாரை மட்டும் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து, உடனே பிடித்தால் மாற்ற வேண்டியது அதுவே. இரண்டாவது கூலன்ட் சென்சார். 20 டிகிரியில் சுமார் 2.2 முதல் 2.7 கிலோ ஓம் காட்டி, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்க வேண்டும். சூட்டிலும் கிலோ ஓமில் நின்றால், இன்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும். நீண்ட நேரம் சுற்றினால்தான் எடுக்கிறது என்றால், சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் நின்றதும் அணைத்து, இப்படி மூன்று முறை செய்துவிட்டு எடுத்துப் பாருங்கள். உடனே பிடித்தால் பைப்பில் அழுத்தம் நிற்கவில்லை; பம்ப்பின் செக் வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம்.

கரன்ட், பெட்ரோல், செல்ஃப் மூன்றும் சரியாக இருந்தும் சூட்டில் எடுக்கவில்லை என்றால், வால்வு இடைவெளி இறுகிவிட்டதா என்று சூட்டிலேயே கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். காஸ் கிட் போட்ட வண்டிகளில் இது சகஜம்.

சரி செய்த பிறகு சோதிப்பதிலும் ஒரு முறை உண்டு. வாசலில் நிறுத்தி எடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. கல்லாறிலிருந்து பர்லியாறு வரையோ, லவ்டேல் ஏற்றத்திலோ வழக்கமான பாரத்தோடு ஏற்றி, நிறுத்தி, பானெட்டைத் திறக்காமல் வையுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு தடவை எடுத்து உடனே அணையுங்கள். மறுபடி அதே ஏற்றம், இந்த முறை பதினைந்து நிமிடம். மூன்றாவது முறை அரை மணி நேரம். பதினைந்தாவது நிமிடத்தில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல், மூன்று விநாடிக்குள் பிடித்தால் மெக்கானிக்குக் கூலியைக் கொடுங்கள்.